காணப்படாத அளவு

ஒட்டாவாவில் பெப்ரவரி.
மூன்றாம் மாடியில் நீண்ட மேசை,
பதினெட்டுக் கதிரைகள்.
பத்தொன்பதாவது ஆளாய்ச் சுவரோரம் நான்,
மடியில் இரண்டு அகராதிகள்.

இந்தச் சபை யாருக்கும் ஊசி போடுவதில்லை.
ஒரு குளிசையும் இதன் கையால் போவதில்லை.
இது கடிதம் எழுதும்.
பத்து மாகாணங்களுக்கும் மூன்று ஆட்புலங்களுக்கும்
ஒரே கடிதம்.
பதில் பதின்மூன்று விதமாய் வரும்:
அடுத்த வரவுசெலவில் பார்ப்போம் என்று ஒன்று,
எங்களிடம் தொற்று குறைந்துவிட்டது என்று ஒன்று,
உங்கள் கடிதம் கிடைத்தது என்று மட்டும் ஒன்று.
பரப்பிவைத்து
எது எதோடு பொருந்தும் என்று
இரண்டு நாள் பார்ப்பார்கள்.
அதற்குப் பெயர் ஒருங்கிணைப்பு.

காலை முழுதும் ஒரு சொல்லில் கழிந்தது.
மருந்தை இலவசமாய்க் கொடுக்க 'வேண்டும்' என்பதா,
கொடுப்பது 'விரும்பத்தக்கது' என்பதா.
'வேண்டும்' சொல்ல நமக்கு அதிகாரமில்லை
என்றார் சட்டத்தரணி,
கெட்டவரல்ல, உண்மையைத்தான் சொன்னார்.
வடக்கிலிருந்து வந்த தாதி மார்லீன் கீஷிக்
பேனையை மூடினார்.
"போன மாதம் விமானம் வரவில்லை.
ஒரு பெடியன் பதினொரு நாள்
குளிசையில்லாமல் இருந்தான்.
இரண்டு சொல்லில் எதை
அவனுக்குக் கொண்டுபோக?"

அறிக்கையில் பதிந்தார்கள்:
விநியோகம் பற்றி உறுப்பினர் ஒருவர்
கவலை தெரிவித்தார்.

மத்தியானம் என் முறை.
பதினொரு மொழிகளில் துண்டுப்பிரசுரம், தமிழ் ஒன்பதாவது.
மருந்தை ஒழுங்காய் எடுத்தால்
இரத்தத்தில் வைரஸ்
சோதனைக்குப் பிடிபடாத அளவுக்கு இறங்கும்,
அப்படி இருப்பவரிடமிருந்து
உடலுறவால் இன்னொருவருக்குத் தொற்றாது.
முப்பது வருடம் காத்திருந்த நல்ல செய்தி.
காணப்படாத அளவு என்று எழுதினேன்.
வெட்டினேன்.

அந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
அதற்குப் பின்னால் வெயிலில்
படங்களைப் பிடித்தபடி பெண்கள் இருக்கிறார்கள்.
எங்கள் மொழியில்
காணவில்லை என்றால் தேடு என்று அர்த்தம்,
நிம்மதியாய் இரு என்று
யாரும் இதுவரை அதை வாசித்ததில்லை.

தேநீர் இடைவேளையில் கஜவதனன் வந்தார்.
ஸ்காபரோ. நோயோடு வாழ்வோருக்கென்று ஒதுக்கிய
இரண்டு கதிரைகளில் ஒன்று அவருடையது.
வெட்டிய சொல்லைப் பார்த்துச் சிரித்தார்.
"தம்பியின்ர கலியாணக் கார்டில
என்ர பெயரைக் காணேல்ல அக்கா.
அச்சுப் பிழையாம்."
பிஸ்கட்டை நனைத்து, உடையுமுன் எடுத்தார்.
"எழுதுங்கோ: சோதனையில் தெரியாத அளவு.
கீழ இன்னொரு வரி போடுங்கோ:
வைரஸைத்தான் காணவில்லை,
ஆள் இங்கேதான் இருக்கிறார்."

போட்டேன்.
சபையில் திருப்பிச் சொன்னபோது
தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.
மூலத்தில் இல்லாத வரி.
மற்றப் பத்து மொழிகளுக்கு என்ன சொல்வது?
இதற்கு ஆதாரம் உண்டா என்று
புள்ளிவிபரப் பிரிவிலிருந்து ஒரு குரல்.
கஜவதனன் கையை உயர்த்தினார்.
பேச அனுமதி கேட்கிறாராக்கும் என்று
தலைவர் தலையாட்டினார்.
அவர் பேசவில்லை.
கையை இறக்கவுமில்லை.

மார்லீன்தான் முதலில் சிரித்தார்.

உபகுழுவுக்கு அனுப்புவதென்று முடிவு.
மே மாதம் பார்ப்பார்கள்,
அதற்குள் கால்வாயில் பனி கரைந்து
படகு விட்டிருப்பார்கள்.

வரைவு என்று குறுக்கே அச்சடித்த தாள்களைத்
திரும்பத் தரச் சொன்னார்கள்.
எண்ணினேன், பதினேழு.
மார்க்கம் வீதிக் கிளினிக்கில்
கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறதாம்,
குண்டூசிகூட அங்கேயே கிடக்குமாம்,
அவர்தான் போகும்போது சொன்னார்,
கோட்டின் உட்பையைத் தட்டியபடி.

அறிக்கையில் நான் பதினெட்டு என்று எழுதினேன்.
வருகைப் பதிவில் அவர் கையெழுத்து
பெட்டியைத் தாண்டி
அடுத்தவர் இடத்துக்குள் கொஞ்சம் போயிருந்தது.